பார்க்கிங் ரோட், இலக்கம் 1

சென்ற சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணியளவில், 1890களில் அளக்கப்பட்ட நிலப்படத்தாள் ஒன்று கிழக்கு லண்டனிலுள்ள இன்றைய ஈஸ்ட் ஹாம் தெருக்களின் மேல் பிசகாமல் படிந்தது. கிரீன் ஸ்ட்ரீட்டின் மேல் கிரீன் ஸ்ட்ரீட் கிடந்தது. பார்க்கிங் ரோட்டின் (Barking Road) இரு ஓரங்களும் ஒன்றோடொன்று பொருந்தின. இரண்டு வீதிகளும் சந்திக்கும் மூலையில், இன்று பொலின் டாவர்ன் என்ற மதுச்சாலை நிற்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டும் அளவுக்குத் துல்லியம் கிடைத்தது. ஐந்து மாதங்களாக அடம்பிடித்த வேலை இது என்பதால், மறந்துபோவதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

நான் தேடிய கேள்வி சிறியது. வெஸ்ட் ஹாம் யுனைட்டெட் உதைபந்தாட்டக் கழகத்தின் பழைய மைதானத்துக்கும், அதன் அருகில் உள்ள இந்த மதுச்சாலைக்கும் 'பொலின்' என்ற ஒரே பெயர் எப்படி வந்தது, இரண்டில் எது முந்தியது? எங்கள் பகுதியில் யாரைக் கேட்டாலும், மைதானம் இருந்ததால்தான் அதற்குப் பக்கத்தில் மதுச்சாலை வந்தது என்பார்கள். நானும் பதினெட்டு வருடங்களாக அப்படித்தான் நம்பியிருந்தேன். அது தலைகீழான நம்பிக்கை. இன்று நாம் காணும் மதுச்சாலைக் கட்டடம் 1899–1900இல் எழுந்தது. கழகம் அந்த மைதானத்துக்குக் குடிவந்ததோ 1904இல். கழகம் 'வெஸ்ட் ஹாம் யுனைட்டெட்' என்ற பெயரைப் பெற்றதே 1900 ஜூலையில்தான். ஆக, அந்த மூலையில் மதுச்சாலைதான் மூத்த குடி.

பெயரோ இரண்டுக்குமே சொந்தமானதல்ல. கிரீன் ஸ்ட்ரீட்டில் கோபுரத்தோடு நின்ற 'கிரீன் ஸ்ட்ரீட் ஹவுஸ்' என்ற பழைய மாளிகையை ஊரார் 'பொலின் கோட்டை' என்று அழைத்தார்கள். எட்டாம் ஹென்றி மன்னரின் இரண்டாவது மனைவியும், 1536இல் சிரச்சேதம் செய்யப்பட்டவருமான ஆன் பொலின் அங்கே வாழ்ந்தார் என்பது செவிவழிக் கதை. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஆதாரமற்ற அந்தக் கதைதான் மதுச்சாலைக்கும் மைதானத்துக்கும் பெயரைக் கொடுத்து, கழகத்தின் இலச்சினையில் பல காலம் கோட்டையாகவும் நின்றது. கத்தோலிக்கத் திருச்சபையின் கையிலிருந்த அந்த மாளிகை வளவின் ஒரு பகுதியைத்தான் கழகம் 1904இல் வாடகைக்கு எடுத்தது. மாளிகை 1955இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் ஒரு செங்கல்லைக்கூட இன்று அங்கே காண முடியாது என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இனி நிலப்படத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் நேரத்தையெல்லாம் விழுங்கியது அதுதான். பிரித்தானிய அரச நில அளவை நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சர்வேயின் 1:2500 அளவிலான தாள்களை ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இன்றைய படத்தோடு பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கலாம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. பொதுவாக ஒரு தெருவை அடையாளம் காண அது போதும். எனக்கு ஒரு கட்டடத்தின் சுவர் எந்தக் கோட்டில் நின்றது என்று தெரிய வேண்டியிருந்தது. அந்த அளவில் தாளின் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் இரண்டரை மீற்றர் ஆகும். தாள் சற்றே சுருங்கியிருந்தாலும் மூலைக் கடை அடுத்த வளவுக்குள் போய்விடும். எனவே தாளை நானே க்யூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் ஏற்றி, கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது பழைய தாளிலும் இன்றைய படத்திலும் ஒரே இடமாக இருக்கும் புள்ளிகளைக் குறித்துப் பொருத்தத் தொடங்கினேன்.

முதல் தவறு, சந்திகளைப் புள்ளிகளாக எடுத்தது. சந்தி என்றால் மாறாதது என்று நினைத்தேன். 1901இல் ஈஸ்ட் ஹாமுக்கு மின்சார ட்ராம் வந்தது, அதைச் சுற்றிய ஆண்டுகளில் வீதி ஓரங்கள் வெட்டப்பட்டு விரிந்தன, மூலைகள் பின்வாங்கின. நான் 'அதே மூலை' என்று நம்பிக் குறித்த இடம் பழைய மூலையே அல்ல. ஆறேழு மீற்றர் பிசகு வந்தது. அடுத்து அப்டன் பார்க் ரயில் நிலையத்தை நம்பினேன். 1877இல் திறந்த நிலையம்தான். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்டவாளங்கள் நான்கு தடமாக விரிக்கப்பட்டபோது அங்கேயும் எல்லாம் இடம் மாறிவிட்டது. லண்டனின் பெருங்கழிவுநீர்க் குழாய்களைச் சுமக்கும் வடக்குக் கழிவுநீர்க் கரை 1860களில் கட்டப்பட்டது, இன்றும் நடைபாதையாக அப்படியே இருக்கிறது. ஆனால் அது நீண்ட கோடு, வீதிகளைக் கடக்கும் பாலங்களைத் தவிர அதில் புள்ளியாகப் பிடிப்பதற்கு எதுவும் இல்லை.

கடைசியில் கைகொடுத்தவை வரிசை வீடுகள். ஒரு வரிசையின் கடைசி வீட்டுப் பக்கச்சுவர் நூற்றிருபது வருடங்களாக அசைவதில்லை. முன்பக்கத்துக்குக் கூடம் சேர்ப்பார்கள், பின்பக்கத்துக்குச் சமையலறை நீட்டுவார்கள், பக்கச்சுவரைத் தொடமாட்டார்கள். அந்தச் சுவரும் பின்வளவு மதிலும் சந்திக்கும் இடங்களாகப் பதினொரு புள்ளிகளைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து, செங்கல் பழையதுதானா என்று உறுதிப்படுத்திய பின்பே குறித்தேன்.

இங்கே புதியவர்கள் விழும் இன்னொரு குழி இருக்கிறது, நானும் மூன்று வாரம் அதில் கிடந்தேன். மென்பொருள் தரும் உருமாற்ற முறைகளில் 'தின் ப்ளேட் ஸ்ப்ளைன்' என்பதைத் தேர்ந்தால், பிழை எண்கள் எல்லாம் பூச்சியமாகிவிடும். அதைக் கண்டு மகிழக் கூடாது. அந்த முறை ஒவ்வொரு புள்ளியையும் கட்டாயப்படுத்தி இழுத்து ஒட்டிவிடுகிறது. ஒரு புள்ளி தவறாக இருந்தாலும் அதை மறைத்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள தெருவை வில்லாக வளைத்துவிடும். என் தாளில் நேரான வரிசை வீடுகள் வாழைப்பழம் போல வளைந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. தாளை வளைக்காமல் முழுவதையும் ஒன்றாக நகர்த்தித் திருப்பும் முதற்படி பல்லுறுப்பு முறைக்குத் திரும்பினேன். அது பிழையை ஒளிக்காமல் எண்ணாகச் சொன்னது. இரண்டு புள்ளிகள் கெட்டவை என்று அதுவே காட்டிக் கொடுத்தது. அவற்றை எடுத்துவிட்டு வேறு இரண்டு வைத்தேன். சராசரிப் பிழை ஒன்றரை மீற்றருக்குக் கீழே இறங்கிய நேரம்தான் மேலே சொன்ன சனிக்கிழமை இரவு.

முகவரிக் கோவைகளில் பட்ட பாடு வேறு. மதுச்சாலையைத் தேடி, நியூஹாம் ஆவணப் பிரிவில் பழைய கெல்லி முகவரிக் கோவைகளை (வீதி வாரியாக, இலக்க வரிசையில் கடைகளையும் ஆட்களையும் பட்டியலிட்ட நூல்கள்) எடுத்து, வெஸ்ட் ஹாம் பகுதியில் பார்க்கிங் ரோட்டை முதல் இலக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தேன். கனிங் டவுனில் தொடங்கி, இறைச்சிக் கடை, சவக்காலைச் சாமான் செய்பவர், தையற்கடை என்று நூற்றுக்கணக்கான பெயர்களைத் தாண்டிப் போயும் பொலின் வரவில்லை. மதுச்சாலை அந்த ஆண்டில் மூடியிருந்ததோ என்று நினைத்து அடுத்த ஆண்டைப் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன். இரண்டு மாதச் சனிக்கிழமைகள் போயின.

விடை வீதியில் இருந்தது. ஒரு மாலை நியூஹாம் புத்தகக் கடையில் நூல் வாங்கிக்கொண்டு கிழக்கே நடந்தேன். (உள்ளூர் வரலாறும் கழக வரலாறும் ஒரே இடத்தில் கிடைக்கும் கடை அது, இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் அங்கே போவது நல்லது.) கடையின் இலக்கம் பார்க்கிங் ரோட்டில் எழுநூறுகளில் இருக்கிறது. கிரீன் ஸ்ட்ரீட்டைக் கடந்து மதுச்சாலையின் முன் நின்றேன். அதன் முகவரி பார்க்கிங் ரோட், இலக்கம் 1. ஒரே வீதி, ஒரே பெயர், ஆனால் ஒரு தெருவைக் கடந்ததும் எழுநூறு ஒன்றாகிவிடுகிறது.

காரணம் எல்லை. கிரீன் ஸ்ட்ரீட்தான் வெஸ்ட் ஹாமுக்கும் ஈஸ்ட் ஹாமுக்கும் நடுக்கோடு. வெஸ்ட் ஹாம் 1889இல் கவுண்டி ஆட்சியிலிருந்து பிரிந்த தனி நகராட்சி ஆனது. ஈஸ்ட் ஹாம் 1904இல்தான் நகராட்சி ஆனது. 1965இல் இரண்டையும் சேர்த்து நியூஹாம் நகராட்சி உருவாகும் வரை இரண்டும் தனித்தனி ஆட்சிகள், தனித்தனி வீட்டிலக்கங்கள். மதுச்சாலை ஈஸ்ட் ஹாம் பக்கத்தில் முதல் கட்டடம். மைதானமும் அதே பக்கம்தான். வெஸ்ட் ஹாம் என்ற பெயரைச் சுமந்த கழகம் 1904 முதல் 2016 வரை, நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள், ஈஸ்ட் ஹாம் மண்ணில் விளையாடியிருக்கிறது. நான் தவறான ஊரின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஈஸ்ட் ஹாம் பகுதியைத் திறந்த பத்தாவது நிமிடத்தில் மதுச்சாலை என் கண்முன் இருந்தது.

இந்தத் தேடலில் என்னை மிகவும் நெகிழவைத்த மனிதர் ஆர்னோல்ட் ஹில்ஸ். தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் கப்பல் கட்டும் தளத்தின் அதிபரான அவர்தான் 1895இல் தன் தொழிலாளருக்காகக் கழகத்தைத் தொடங்க முன்னின்றவர். இலச்சினையில் குறுக்காகக் கிடக்கும் சம்மட்டிகள் அந்தத் தளத்தில் இரும்புத் தகடுகளை ஆணியடித்து இணைத்தவர்களின் கருவிகள். ஹில்ஸ் மதுவைத் தொடாதவர், மாமிசம் உண்ணாதவர், லண்டன் சைவ உணவாளர் சங்கத்தின் தலைவர். கழகம் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன், லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் அந்தச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். செயற்கைக் கருத்தடையை ஆதரித்த சங்க உறுப்பினர் டாக்டர் அலின்சனை நீக்க வேண்டும் என்று ஹில்ஸ் முனைந்தபோது, நீக்குவது முறையன்று என்று காந்தி தன் கருத்தை எழுதிக்கொண்டு போனார். எழுந்து வாசிக்கக் கூச்சம் தடுத்ததால் வேறொருவர் அதை வாசித்தார். காந்தி தன் சுயசரிதையில் இதைச் சொல்லும்போதும் ஹில்ஸ் மீது மதிப்போடுதான் எழுதுகிறார். அந்தப் பக்கங்களைச் சிறுவயதில் பாடசாலையில் படித்த எனக்கு, அந்த ஹில்ஸின் கழகம் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் விளையாடியது என்பது நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. மது மறுத்தவர் தொடங்கிய கழகத்தின் நினைவுகள் இன்று பெருமளவு ஒரு மதுச்சாலைக்குள் தங்கியிருப்பதை நான் குறையாகக் காணவில்லை. மைதானம் போய்விட்டது, ஆட்கள் கூடிக் கதைப்பதற்கு ஒரு கூரை வேண்டும்.

2016 மே 10ஆம் திகதி மன்செஸ்டர் யுனைட்டெட்டை 3–2 என்று வென்றதோடு பொலின் மைதானத்தின் ஆட்டங்கள் முடிந்தன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். கிரீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, மட்ச் நாளெண்டால் காலமையே பெட்டியளை உள்ளுக்கை எடுத்துப்போடுவன். சனம் ரோட்டை நிறைச்சுப் போகும். இப்ப சனிக்கிழமையில பெட்டி வெளியிலைதான் நிக்குது, ஆனா அந்தச் சத்தம் இல்லை" என்றார். சந்தியில் நிற்கும் வெண்கலச் சிலையை அவர் கை காட்டினார். 2003இல் வைத்த அந்தச் சிலையில், 1966 உலகக் கிண்ணத்தோடு இங்கிலாந்து அணித்தலைவர் பொபி மூர் தோள்களில் உயர்ந்திருக்கிறார். ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ், எவர்ட்டனின் ரே வில்சன் கூட நிற்கிறார்கள். இறுதியாட்டத்தில் இங்கிலாந்து அடித்த நான்கு கோல்களும் ஹர்ஸ்ட், பீட்டர்ஸ் என்ற இரண்டு வெஸ்ட் ஹாம் வீரர்களுடையவை.

மதுச்சாலைக்கும் கழகம் போனபின் சோர்ந்த காலம் வந்தது. 2021இல் அது சீர்செய்யப்பட்டு மீண்டும் திறந்தது. நான் குடிப்பதில்லை, தோடம்பழச் சாறு ஒன்றை வாங்கிக்கொண்டு பின்னறையில் ஒரு மணி நேரம் இருந்தேன். அங்கே தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. மாலை வெயில் அதன் வழியாக இறங்கி மேசையில் பச்சையும் மஞ்சளுமாக விழுந்து, நான் விரித்து வைத்த நிலப்படத்தின் மேல் மெல்ல நகர்ந்தது. முன்பக்கத்தில், பிற்காலத்தில் அகற்றப்பட்ட மரத் தடுப்புகளை மறுபடி செய்து பொருத்தியிருக்கிறார்கள். செதுக்கிய கண்ணாடியோடு சிறுசிறு அறைகளாகப் பிரிந்து நிற்கும் அந்த அமைப்பைக் கண்டபின்தான், ஒரே கூரையின் கீழ் தொழிலாளிக்கும் மேலாளருக்கும் வேறுவேறு வாசல் வைத்த காலம் எனக்குப் பிடிபட்டது.

நிலப்பட மறுபதிப்புகளைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆலன் கோட்ஃப்ரியின் மடிப்புப் படங்கள் கையில் வைத்து நடக்க மிக வசதியானவை, பின்புறத்தில் அந்தப் பகுதியைப் பற்றிய கட்டுரையும் இருக்கும். பொருத்தும் வேலைக்கு அவை உதவா, அளவு குறைக்கப்பட்டவை. பழைய அஞ்சலட்டை ஒன்றை இணைய ஏலத்தில் வாங்கினேன்; பொலின் என்று எழுதி விற்றவர் அனுப்பியது வேறொரு மதுச்சாலையின் படம். பணம் திரும்பி வரவில்லை.

மூலைக் கட்டடத்தின் உரிமப் பதிவுகளை இன்னும் பார்க்கவில்லை. ஈஸ்ட் ஹாம் அன்று எசெக்ஸ் கவுண்டிக்குள் இருந்தபடியால், அதற்குச் செம்ஸ்ஃபோர்டிலுள்ள எசெக்ஸ் ஆவணக் காப்பகத்துக்கு ஒருநாள் லீவு போட்டுப் போக வேண்டும். ஆனால் மனம் இப்போதே வேறு இடத்துக்கு ஓடிவிட்டது. தன் முதல் மைதானமான ஹேர்மிட் ரோட் மைதானத்தை இழந்த கழகம், 1897இல் மெமோரியல் மைதானம் திறக்கும் முன், 1896–97 பருவத்தின் பிற்பகுதியில் ஈஸ்ட் ஹாமின் பிரௌனிங் ரோட்டில் விளையாடியது. லண்டன் ஸ்ரீ முருகன் கோவிலுக்குப் போகும்போது நாங்கள் நடக்கும் பகுதி அது. தேர்த் திருவிழாவுக்கு எத்தனை முறை அந்த வழியே போயிருப்பேன்!

அந்தத் திடல் எந்த வளவில் இருந்தது என்று பிடிக்க, அதே பதினொரு புள்ளி முறையை நேற்று அடுத்த தாளில் தொடங்கினேன். நான்கு பக்கச்சுவர்கள் கிடைத்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகும்போது மற்ற ஏழையும் பார்த்து வருவேன்.