மனநோய்ச் சான்றிதழோடு மறுபடி கல்லூரிக்கு

எனக்கு இருமுனை மனநோய் (பைபோலார்): மனநிலை சில காலம் அளவு மீறி ஏறும், சில காலம் அடியோடு இறங்கும். பாதியில் நின்றுபோன பி.ஏ.வை முப்பது வயதைத் தாண்டி மறுபடி தொடங்கியிருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து தினமும் மதுரைக்கு வந்து படிக்கிறேன். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென 5 சதவீத இடமும், 5 வருட வயதுத் தளர்வும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்த்திதான்.

இ-சேவை மையத்தில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான விண்ணப்பம் சுலபமாக முடிந்தது. பாதிப்பு எத்தனை சதவீதம் என்று பார்க்கும் மதிப்பீட்டுக்குப் போன முதல் நாள் அப்படியே வீணானது. "தனியா பஸ் ஏறி வந்திருக்கீங்க, அப்புறம் என்ன தம்பி உங்களுக்கு? வீட்டுல இருந்து ஆள் கூட்டிட்டு வாங்க" என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூட இருப்பவரையும் விசாரித்துத்தான் மதிப்பெண் போடுவார்கள் என்பது நியாயம்தான். அதை முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருக்கலாமே! அடுத்த முறை அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு ஆரப்பாளையத்தில் வந்து இறங்கினார்.

நான் போகும் மனநலப் பகல்நேர மையத்தின் சமூகப் பணியாளர் அக்கா அதற்குள் அம்மாவைத் தயார்செய்திருந்தார். தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நான்கு விஷயங்களைப் பற்றிக் கேட்பார்கள். அம்மாக்கள் பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் "இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிடுவார்கள். எந்த மாதம் குளிக்காமல் கிடந்தேன், எப்போது தூங்காமல் ஊரைச் சுற்றினேன், எந்த வேலை எதனால் போனது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினார்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அந்த நோட்டுதான் கைகொடுத்தது. 40ஐத் தாண்டிச் சான்றிதழ் கிடைத்தது.

அப்புறம் கல்லூரி அலுவலகம். டி.சி., மார்க் ஷீட் எல்லாம் சரி. சான்றிதழைப் பார்த்ததும் அந்த எழுத்தர் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி நோயின் பெயரை வாசித்தார். "படிக்கிற அளவுக்கு மனநிலை சரியா இருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க." ஓரிடத்தில் நோய் இருக்கிறது என்று நிரூபித்துவிட்டு வந்தால், இங்கே இல்லை என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. அன்றே படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஊருக்குத் திரும்பியிருப்பேன்.

திரும்பவிடாமல் செய்தது மையத்து ஆட்கள். மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கருதக்கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அக்கா நேராக முதல்வரிடம் கூட்டிப்போனார். முதல்வர் படித்தார், கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். நீங்கள் போனால் சான்றிதழை உறையில் ஒட்டி முதல்வர் பெயருக்கே கொடுங்கள். ஜன்னலில் நீட்டாதீர்கள்.

தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்டபோது "அது கண் தெரியாதவங்களுக்குத்தான்" என்றார்கள். இல்லை. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்பது 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள எல்லோருக்கும் என்றுதான் இருந்தது. இந்த நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுவதால் எனக்குக் கை நடுங்கும், வேகமாக எழுத முடியாது. உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ஏப்ரல் வெயிலில் மதுரையில் தண்ணீர் இல்லாமல் தேர்வு எழுதுவது எனக்கு ஆபத்து. தண்ணீர் பாட்டிலுக்கும் டாக்டரிடம் கடிதம் வாங்கி வைத்தேன். பொருளாதாரத் தாளில் கடைசிக் கேள்வியை அந்தக் கூடுதல் நேரத்தில்தான் எழுதினேன். பாஸ்!

தேர்வுக் கட்டணம் கட்டும்போதே கூடுதல் நேரத்துக்கான மனுவையும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் தற்காலிகமானதா என்றும் பாருங்கள். என்னுடையது தற்காலிகம்தான், காலாவதித் தேதி படிப்பு முடிவதற்கு முன்பே வருகிறது. புதுப்பிக்கும்போது காட்ட அம்மா அந்த நோட்டைத் தொடர்ந்து எழுதிவருகிறார்.