இங்கிலாந்தில் ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும்: மதிப்பெண் எங்கே போகிறது?

ஆங்கில இலக்கியத்தையும் படைப்பெழுத்தையும் சேர்த்து பி.ஏ. படிக்கப் போகிறவர்கள் பலர், ஒரு பக்கம் கட்டுரை, இன்னொரு பக்கம் கதை எழுதுவது என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறார்கள். மதிப்பெண் கரைவது பெரும்பாலும் அங்கேதான். கதைக்கான தாளிலும் நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

முதலில் நேரக் கணக்கு. வருடத்துக்கு 120 கிரெடிட், மூன்று வருடத்துக்கு 360. ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு. 20 கிரெடிட் மாட்யூல் (ஒரு தனிப் பாடப்பிரிவு) என்றால் 200 மணி. வாரம் 2 மணி வீதம் 11 வாரம் வகுப்பு நடந்தால், 22 மணி போக மீதி 178 மணி உங்கள் பொறுப்பு. விக்டோரிய கால நாவல் சில 800 பக்கம் வரும். மணிக்கு 40 பக்கம் ஓடினாலும் 20 மணி ஆகும். வாசிப்புப் பட்டியல் கைக்கு வந்ததும் தடித்த நாவல்களைக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். கவிதையும் சிறுகதையும் அந்தந்த வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தப் பதிப்பு என்பதையும் கவனியுங்கள். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்கு 1818-இல் வந்த வடிவம் ஒன்று, 1831-இல் மேரி ஷெல்லி திருத்திய வடிவம் ஒன்று. முதலாவதில் எலிசபெத், நாயகன் விக்டரின் அத்தை மகள். இரண்டாவதில் எடுத்து வளர்த்த அநாதைக் குழந்தை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வடிவத்தை வைத்துக் கட்டுரை எழுதினால், வகுப்பில் படித்தது ஒன்றும் நீங்கள் மேற்கோள் காட்டுவது வேறொன்றுமாகிவிடும். பட்டியலில் சொன்ன பதிப்பையே வாங்குங்கள். பழைய பிரதி போதும்.

இனி பட்டறை, அதாவது ஒருவர் எழுதியதை வகுப்பே வாசித்துக் கருத்துச் சொல்வது. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகம் 1936-இல் தொடங்கிய முறை இது. பிரிட்டனில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-இல் எம்.ஏ. வகுப்பாக ஆரம்பித்தது. உங்கள் கதையைச் சில நாள் முன்னதாகவே எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்ற விதி இன்னும் பல வகுப்புகளில் உண்டு. நல்ல விதிதான், கதை சொல்லாமல் விட்டதை நீங்கள் வாயால் நிரப்ப முடியாது.

மற்றவர் கதைக்கு “நன்றாக இருக்கிறது” என்று எழுதுவது யாருக்கும் உதவாது. வரியைத் தொட்டுச் சொல்லுங்கள்: “தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோதே அவள் கோபம் தெரிந்துவிட்டது. அடுத்த வரியில் ‘அவளுக்குக் கோபம் வந்தது’ எதற்கு?” உங்கள் கதைக்கு வரும் கருத்துகளைப் பதில் பேசாமல் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கோளாறு இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வை ஏற்க வேண்டும் என்றில்லை. கோளாறைக் கண்டுபிடிப்பதில் வாசகர்கள் கெட்டி, சரிசெய்வதில் அவ்வளவாக இல்லை.

அதிகம் கோட்டைவிடும் இடம் விளக்கவுரை, அதாவது உங்கள் கதையை எப்படி எழுதினீர்கள் என்று நீங்களே எழுதித் தருவது. 3,000 சொல் கதையோடு 1,000 சொல் விளக்கவுரையும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதைச் சுருக்கத்தையும், சிறுவயதிலிருந்தே எழுத ஆசை என்பதையும் போட்டு நிரப்பினால் மதிப்பெண் விழாது. எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் எழுதுங்கள்: தங்கை தன்மையில் சொன்ன கதையைப் படர்க்கைக்கு மாற்றியது, அவளுக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிய வேண்டியிருந்ததால், அதனால் நான்காம் பத்தியை வெட்ட நேர்ந்தது. பாடத்தில் படித்த எழுத்தாளரிடமிருந்து எந்த உத்தியை எடுத்தீர்கள் என்பதைப் பக்க எண்ணோடு காட்டுங்கள். இதற்குப் பழைய வரைவுகள் வேண்டும். ஒரே கோப்பில் மேலே மேலே திருத்தாமல், ஒவ்வொரு வரைவையும் தேதி போட்டுத் தனியாகச் சேமியுங்கள். ஏஐ எழுதியதோ என்று சந்தேகம் வந்தாலும் அவைதான் சாட்சி.

தேர்ச்சிக்கு 40, 2:1 வகுப்புக்கு (இரண்டாம் வகுப்பின் மேல்நிலை) 60, முதல் வகுப்புக்கு 70. நம் ஊர்ப் பழக்கத்தில் 65-ஐப் பார்த்து மனம் உடைய வேண்டாம், அது நல்ல மதிப்பெண். பெரும்பாலான இடங்களில் முதல் வருட மதிப்பெண் பட்டத்தின் வகுப்பைக் கணக்கிடும்போது சேராது, தேறினால் போதும். பழக்கமில்லாத வடிவங்களை எழுதிப் பார்க்க அதுதான் வருடம்.

கெடு நீட்டிப்பு தேவைப்பட்டால் கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். லேப்டாப் கெட்டுப்போனதை அநேகமாக எந்தத் துறையும் காரணமாக ஏற்காது.