பசலி 1426-ஐத் தேடி நான் அலைந்த அலைச்சல்

வறட்சியைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: பசலி என்பது வருவாய்த்துறைக் கணக்கில் ஜூலை முதல் ஜூன் வரை ஓடும் ஆண்டு; அந்த எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது எந்த ஆண்டு ஜூலையில் தொடங்கியது என்று வந்துவிடும். இது தெரியாமல் எனக்கு ஒன்றரை மாதம் பாழ்.

ஆற்காடு பக்கம் ஒரு கிராமம். மழைக் கணக்கையும் ஊர்க்காரர்கள் சொல்வதையும் சேர்த்து வைத்து 2016 வறட்சியைப் பார்ப்பதாகத் திட்டம். மழை விவரம் சுலபமாகக் கிடைத்தது. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்க 62 சதவீதம் குறைவு, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. மாட்டிக்கொண்டது அடங்கலில்தான், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று பசலிவாரியாக எழுதி வைக்கும் கிராமக் கணக்கில்.

வேலூரில் ஒரு அலுவலகத்தில், "உங்க கிராமம் இப்ப ராணிப்பேட்டை மாவட்டம், அங்க போங்க" என்றார்கள். அங்கே போனால், "2019-ல பிரிக்கறதுக்கு முந்தின கணக்கா? வேலூர்லதான் கேக்கணும்." மூன்றாவது தடவை பஸ் ஏறிப் போனபோது ஒருவர் தலையே நிமிராமல் "2016-தானே" என்று ஒரு அடங்கல் கட்டு எடுத்துப் போட்டார். பசலி 1425. நானும் மகிழ்ச்சியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தேன்.

மழை பாதிகூட இல்லை, ஆனால் நெல் பரப்பு குறையவேயில்லை! பெரிய கண்டுபிடிப்பு என்று நெறியாளரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டார். 1425 என்பது 2015 ஜூலை முதல் 2016 ஜூன் வரை. 2015 கடைசியில் கொட்டிய மழையில் விளைந்ததை வறட்சி வருட விளைச்சல் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கிராமத்திலும் இதே கதை. "2016-ல் வருமானம் எவ்வளவு குறைந்தது?" என்ற என் கேள்வித்தாளை யாரும் சட்டை செய்யவில்லை. மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு ஆயா மட்டும், "வருசமெல்லாம் எனக்கு இன்னா தெரியும் தம்பி, மாட்ட வித்துட்டு பொங்கல் வெச்சமே, அப்பதான்" என்றார். அன்றோடு கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு மாடு எப்போது விற்றீர்கள், போர்வெல் எப்போது போட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன், பேச்சு கொட்டியது. மழை மறுபடி வந்த பிறகும் போர் போட்ட கடன் போகவில்லை என்றார்கள். மழைமானியில் அது எங்கே தெரியப் போகிறது?

நாலாவது தடவை "பசலி 1426" என்று தாளில் எழுதியே நீட்டினேன். கிடைத்தது. புல எண்ணுக்குப் புல எண் தரிசு, ஆயாவின் நிலமும்தான். செராக்ஸ் எடுக்க விடவில்லை, கையாலேயே எழுதினேன், அதனால் பேனா இரண்டாக எடுத்துப் போங்கள்.