மூன்று மணிக்கும் மேசை இருக்க வேண்டும்

ஜூன் 15, 2025, ஞாயிறு

நேற்று பேருந்துப் பணிமனையில் காலை ஷிஃப்ட். ஒன்றரை மணிக்குக் கை கழுவிவிட்டு, சாப்பிடாமலேயே கிளம்பினேன். சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் பழைய மோட்டார்சைக்கிள் சாமான் சந்தை. காலை எட்டு முதல் மாலை மூன்று வரை என்று சொல்லியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டேகால். பதினாறு மேசை போட்டிருந்த இடத்தில் மூன்றுதான் மிச்சம். அதிலும் இரண்டு பேர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் எண்ணெய்க் கறையும் அட்டைத் துண்டுகளும்.

என்னுடையது பிஎஸ்ஏ பாண்டம் டி1 என்ற பழைய பிரிட்டிஷ் வண்டி. அதற்கு விகோ பேசி மேக்னெட்டோவின், அதாவது எஞ்சினுக்குப் பொறி தரும் பாகத்தின், ஸ்டேட்டர் தட்டு வேண்டும். ஒருவர் கொண்டுவருகிறார் என்று புதன்கிழமையே காதில் விழுந்திருந்தது. விசாரித்தேன். "அது ஏழரைக்கே போயிடுச்சு தம்பி" என்றார்கள். சந்தை திறப்பதே எட்டு மணிக்கு. வாங்கியவர் பக்கத்து மேசைக்காரர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு ஆறவில்லை. அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தில் ஓட்டியது வெளிர்பச்சைப் பாண்டம். 123 சிசி, டூ ஸ்ட்ரோக். 1948-இல் வந்த வண்டி. போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து இழப்பீடாக எடுத்த டிகேடபிள்யூ ஆர்டி 125 வண்டியின் வரைபடத்தை வைத்துத்தான் பிஎஸ்ஏ அதைச் செய்தது. எஞ்சினை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, கியர் மிதியை வலது பக்கம் கொண்டுவந்தார்கள். அப்பாவின் வண்டி எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. நான் சேர்த்துவைத்திருப்பது ஒரு ஃபிரேம், ஒரு எஞ்சின், இரண்டு டப்பா நிறையச் சாமான். ஓடவைத்தே தீருவேன்.

ஜூன் 19, வியாழன்

சந்தையை நடத்தும் பெரியவரைக் கோப்பிக்கடையில் பார்த்தேன். எழுபத்தைந்து வயது. கோபமாகத்தான் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொருவரும் ஏன் சீக்கிரம் கிளம்புகிறார் என்று விவரித்தார்.

ஒருவர் முதலாளியின் லாரியை இரவல் வாங்கி வருகிறார், பகல் ஒரு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் குடியிருக்கும் சிங்கப்பூரர், சனி பிற்பகல் கடற்பாலத்தில் மாட்டினால் வீடு போய்ச் சேர ராத்திரியாகிவிடும். பாதிப் பேருக்கு வெயில் தாங்காது. எல்லாருக்கும் பொதுவான காரணம் ஒன்று: முதல் இரண்டு மணி நேரத்தில் நடப்பதுதான் வியாபாரம், பதினொன்றுக்கு மேல் வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் வருகிறார்கள்.

"வாங்குறவங்க வந்தா நாங்க ஏன் தம்பி கட்டப்போறோம்?"

"மேசை இருந்தா நாங்க ஏன் அங்கிள் வராம இருக்கப்போறோம்?"

இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. சண்டையே இதுதான். அவர்கள் போய்விடுவார்கள் என்று நாங்கள் வருவதில்லை. நாங்கள் வருவதில்லை என்று அவர்கள் போய்விடுகிறார்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் வாங்குபவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கடை விரித்தவர்களேதான். இந்த மேசைச் சாமான் அந்த மேசைக்குப் போகிறது. வண்டி கட்டுகிறவன் கைக்கு வருவது மிச்சம்தான்.

வெளிநாட்டிலும் இதே குறை உண்டு. அமெரிக்காவில் பெயர் பெற்ற டேவன்போர்ட் சந்தை அயோவாவில், தொழிலாளர் தின வார இறுதியை ஒட்டி நடக்கும். திங்கட்கிழமை விடுமுறை சேர்ந்து வருவதால் தூரத்து ஊர்க்காரனும் வேலையைக் கெடுத்துக்கொள்ளாமல் போய்வரலாம். ஆனால் பெரிய சந்தைகளிலும் கடைசி நாள் மதியத்துக்குள் பலர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மட்டும் போதாது, கடைசி மணி நேரத்துக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

ஜூன் 28, சனி

ஜொகூர் அண்ணனிடம் பேசினேன். நான் யோசித்தே பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

அண்ணி அங்கே பள்ளி ஆசிரியை. ஜொகூரில் சென்ற ஆண்டு இறுதிவரை வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே பள்ளி நாள். விடிந்தும் விடியாமலும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவது அண்ணன் பொறுப்பு. அதனால் அவர் இங்கே வர முடிந்தது சனிக்கிழமை மட்டும். இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் அங்கேயும் சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள். "இப்ப ஞாயித்துக்கிழமைன்னாலும் எனக்குச் சரிதான். யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார்.

ஆறு மாதமாக மாறிப்போன ஒரு காரணத்துக்காக நாங்கள் சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்!

இன்னொன்றும் சொன்னார். விற்கக் கொண்டுவரும் சாமான் என்றால் பயணிகளுக்கான வரிச்சலுகை கிடையாது. சுங்கத்தில் சொல்லி 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். அதற்கும் நேரம் வைத்துத்தான் அவர் வீட்டை விட்டுக் கிளம்புகிறார். காலை எட்டுக்கு மேசை போட வேண்டுமென்றால் அவருக்கு நாலரைக்கே விடிகிறது.

ஜூலை 6, ஞாயிறு

தேக்காவில் சாமான் வாங்கப் போனபோது புதுக்கோட்டைத் தம்பி ஒருவரைப் பார்த்தேன். கட்டுமானத் தளத்தில் வேலை, வாரத்துக்கு ஆறு நாள். இங்கே வருமுன் திருச்சியில் ஒரு புல்லட் மெக்கானிக்கிடம் நான்கு வருடம் கை பழகியவர். வீட்டுக்கு அழைத்துவந்து, புளோக்குக்குக் கீழே என் டப்பாக்களைத் திறந்து காட்டினேன்.

துரு ஏறிய ஒரு போல்ட்டை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார். என்னிடமிருந்த நட்டை வைத்து, ஸ்பேனரைத் தொடாமல், இரண்டு விரலால் திருகினார். முக்கால் சுற்று உள்ளே போனது, நின்றது. அதற்கு மேல் அவர் அழுத்தவில்லை. நானாக இருந்திருந்தால் அழுத்தியிருப்பேன். வெளியே எடுத்து, நகத்தை மரையின் மேல் ஓட்டிப் பார்த்தார்.

"இது சைக்கிள் மரை அண்ணே. இஞ்சுக்கு இருபத்தாறு சுற்று. நட்டு மெட்ரிக். பலவந்தம் பண்ணா ரெண்டும் போயிடும்."

இந்தக் கையை ஒரு சனிக்கிழமைச் சந்தையும் பார்த்ததில்லை. ஞாயிறு மட்டும்தான் அவருக்கு ஓய்வு, அதுவும் துணி துவைத்து, ஊருக்குப் பேசி முடித்து வெளியே வரப் பத்தாகிவிடும். அவர் பெரிதாக எதையும் வாங்கப்போவதில்லை. வாங்கியவன் வீணாக்காமல் பார்த்துக்கொள்ள அவரைப் போல் ஒருவர் வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை மூடி இன்றோடு எட்டு ஆண்டு. 2017, ஜூலை 10. வேலை முடிந்து, சீருடையோடு நேராகப் போய்க் குந்திக்கொண்டு கிளறலாம். தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய கடிகாரத்துக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஒரு அமால் கார்பரேட்டர் கிடக்கும். எத்தனை மணிக்குப் போனாலும் யாராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கை அந்த இடத்துக்கு இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் நான் இப்போது தேடுகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டேன். பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த வண்டி 35 வயதாவது ஆனதாக இருக்க வேண்டும், ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். அதனால் ஒவ்வொரு நாளையும் எண்ணித்தான் செலவு செய்கிறார்கள். ஞாயிறு காலை சேர்ந்து ஓட்டப் போவதற்கு ஒரு நாள் போகிறது. சனிக்கிழமைச் சந்தைக்கும் வண்டியில் வந்தால் இன்னொரு நாள். சந்தை ஞாயிறு பத்து மணிக்கு என்றால், ஓட்டி முடித்து அப்படியே வரலாம். ஒரே நாளில் இரண்டும் முடிந்துவிடும்.

நார்ட்டன் வைத்திருக்கும் ஒருவர் சொன்னார்: "வண்டியோட வந்தாத்தான் சாமான் பொருந்துதான்னு அங்கேயே வெச்சுப் பாக்கலாம்." அவர் சொல்வது நியாயம்.

ஜூலை 27, ஞாயிறு

பெரியவர் மனம் இளகி, ஆறு மேசையோடு ஞாயிறு முயற்சி ஒன்று. இடம் வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளம், திறந்தவெளி. நேரம் மட்டும் பழையபடி காலை எட்டு.

ஐந்தரைக்கே மேற்கே மின்னத் தொடங்கியது. ஆறரைக்கு சுமத்ரா காற்று வந்து அடித்தது. மழை ஒரு மணி நேரம்தான், ஆனால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எஞ்சின் இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் தாள் விற்கும் சீனப் பெரியவரின் அட்டைப் பெட்டி ஊறிப் பிரிந்தது. கேஸ்கெட் தாள் ஒவ்வொன்றும் ஈர அப்பளம் மாதிரி வீங்கிக் கிடந்தது. வெட்டியெடுத்து, பெயர் எழுதி, உறை போட்டு வைத்தவை. நாங்கள் மூன்று பேர் தரையில் அமர்ந்து உறையைப் பிரித்து, துண்டில் ஒற்றி எடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை இந்தக் காற்று வரும், பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலோ காலையிலோ. சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்ற பேச்சு இந்த ஊர் வானத்துக்குப் பொருந்தாது. கூரை வேண்டும், பத்து மணிக்குத் தொடங்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தேதி குறிக்க உட்கார்ந்தோம். நான் மாலை நான்கு முதல் ஒன்பதுவரை வைக்கலாம் என்றேன், ஷிஃப்ட் முடித்த எல்லாருக்கும் வசதி. கேஸ்கெட் பெரியவர் தலையை ஆட்டினார். 23-ஆம் தேதி சீனர்களின் ஏழாம் மாதம் பிறக்கிறது, ஆவிகள் உலவும் மாதம் என்று நம்புகிறார்கள், இருட்டிய பிறகு லாரியில் போக வீட்டில் விடமாட்டார்கள். அதைத் தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை.

31-ஆம் தேதி மலேசிய தேசிய தினம், மறுநாளும் அங்கே விடுமுறை. கடற்பாலத்தில் நெரிசலாக இருக்கும். செப்டம்பர் 6 முதல் 14 வரை நம் பள்ளி விடுமுறை, அப்போதும் அதே கதை. அக்டோபர் தீபாவளி மாதம், பாதிப் பேர் வரமாட்டார்கள். மிஞ்சியது ஆகஸ்ட் 24.

முடிவு: ஞாயிறு பத்து முதல் நான்குவரை. கூரை உள்ள, சரக்கு ஏற்றி இறக்கும் தளம். பத்துக்கு மணி அடிக்கும்வரை யாரும் யாருக்கும் விற்கக் கூடாது, பக்கத்து மேசைக்காரருக்கும்கூட. மேசைக்கு இருபது வெள்ளி, நான்கு மணிவரை இருப்பவருக்குப் பத்து வெள்ளி திரும்பக் கிடைக்கும். லாரி இரவல் வாங்குபவருக்கு ஞாயிறன்று லாரி சும்மாதான் நிற்கிறதாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு, இரவு

இன்றும் எனக்குக் காலை ஷிஃப்ட். விடுப்பு எடுக்கச் சொன்னார்கள், எடுக்கவில்லை. வேலை முடித்து வருகிறவனுக்குச் சந்தை எப்படி இருக்கிறது என்று அப்படித்தான் தெரியும்.

இரண்டு இருபதுக்குப் படியேறினேன். பேச்சுச் சத்தம் கேட்டது. பதினான்கில் பதினொரு மேசை இருந்தது. மூன்று பேர் ஒரு மணி வாக்கில் பத்து வெள்ளி வேண்டாமென்று கிளம்பிவிட்டார்களாம். நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை ஈ ஆடவில்லை, அந்த நேரத்தில் எல்லாருக்கும் கை துறுதுறுத்ததாம். அடுத்த முறை அந்த ஒரு மணி நேரத்துக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்ய வேண்டும். மணிக்கு முன்னால் ஒரு விற்பனை நடந்துவிட்டது என்றும் பேச்சு. சந்தை நடத்தும் பெரியவர் இருவரையும் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கவைத்திருக்கிறார்.

ஒன்றரைக்கு மேல்தான் கூட்டம். இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்த காவலர் ஒருவர், பேருந்து ஓட்டுநர் இருவர், மருத்துவமனைச் சீருடையோடு ஒரு பெண். அந்தப் பெண் ஹோண்டா கப் வண்டிக்குச் செயின் கவர் தேடி, ஜொகூர் அண்ணனிடம் வாங்கிப்போனார். மூன்றே காலுக்கு.

ஸ்டேட்டர் தட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அதன் வெளி மூடி கிடைத்தது, எழுத்து தேயாமல். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், புதுக்கோட்டைத் தம்பி கேஸ்கெட் பெரியவரின் மேசைக்குப் பின்னால் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு பிஸ்கட் டின் நிறையக் கலந்துகட்டிய நட்டுகள். அவருக்குச் சீனம் தெரியாது, பெரியவருக்குத் தமிழ் தெரியாது. தம்பி ஒவ்வொன்றாகப் போல்ட்டில் ஏற்றிப் பார்த்து, சைக்கிள் மரைக்கு ஒரு கிண்ணம், பழைய பிரிட்டிஷ் மரையான விட்வொர்த்துக்கு ஒரு கிண்ணம், மெட்ரிக்குக்கு ஒரு கிண்ணம் என்று போட, பெரியவர் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு மணி அடித்தார்கள். இரண்டு பேருமே தலை நிமிரவில்லை.