இனிமே நான் மாறவா போறேன்?

உளவியல் ஆலோசகர் வேலையில் எல்லா வயதுக்காரர்களும் வருவார்கள். காலையில் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை, மதியம் ஓய்வுபெற்ற கணக்காளர், சாயங்காலம் வேலையை விட்டுவிடலாமா என்று தவிக்கும் நாற்பது வயதுக்காரர். கதைகள் வேறு வேறு. ஆனால் ஒரு பேச்சு மட்டும் முக்கால்வாசிப் பேரிடம் வந்துவிடும்: "நான் இப்படித்தான் சார். இனிமே மாறவா போறேன்?" எழுபது வயதில் சொன்னால் சரி. இருபத்திரண்டு வயதுப் பையன் அதையே சலிப்போடு சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. க்வாய்ட்பாக், கில்பர்ட், வில்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 18 முதல் 68 வயது வரை, 19,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றது. கடந்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறினீர்கள் என்று சிலரிடமும், அடுத்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவீர்கள் என்று மற்றவர்களிடமும் கேட்டார்கள். எந்த வயதிலும் வந்த பதில் ஒரே மாதிரிதான்: இதுவரை நிறைய மாறிவிட்டேன், இனி அவ்வளவாக மாற மாட்டேன். வயதாக ஆக மாற்றத்தின் வேகம் குறைகிறது என்பது உண்மை. ஆனால் நாம் நினைக்கிற அளவுக்குக் குறைவதில்லை.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்றும் உண்டு. உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் முன்வைத்த, பிறப்பிலிருந்து முதுமை வரையான எட்டு வளர்ச்சிக் கட்டங்களை யாராவது அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, "எனக்கு முப்பத்தெட்டு. நெருக்கமான உறவுங்கிற கட்டமே இன்னும் முடியலையே?" என்று பதறி வருவார்கள், ஏதோ தேர்வில் பாக்கி வைத்ததுபோல. எரிக்சன் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிக்கல், அது உச்சத்துக்கு வரும் பருவம் ஒன்று உண்டு, ஆனால் அதற்கு முன்பும் அது ஏதோ ஒரு வடிவில் இருக்கவே செய்கிறது என்றுதான் சொன்னார். அவர் மனைவி ஜோன் எரிக்சன் பின்னாளில், எண்பது தொண்ணூறு வயதுக்கென ஒன்பதாவது கட்டத்தைச் சேர்த்தார். அங்கே குழந்தைப் பருவத்தின் 'நம்பலாமா, கூடாதா' என்ற சிக்கலே திரும்ப வருகிறது. இந்த முறை நம்ப முடியாமல் போவது சொந்த உடம்பை. அட்டவணை போடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

என் அறையில் அதிகம் சுவாரசியம் தருபவர்கள் பதின்பருவத்தினர்தான். முகப்பருவுக்காகப் பள்ளிக்கே போகாத ஒரு பெண் வந்தாள் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்). "யாருமே உன்னைப் பார்க்கலடி" என்று அம்மா ஆறுதல் சொல்ல, அவள் முகம் இன்னும் சுருங்கியது. சுற்றிலும் எல்லோரும் தன்னையே கவனிப்பதாகத் தோன்றும் இந்த நிலையை உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று விளக்கினார். நான் அதையெல்லாம் சொல்லவில்லை. "கடைசியா ஸ்கூலுக்குப் போன அன்னைக்கு, உன் கிளாஸ்ல வேற யாருக்குப் பரு இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். யோசித்தாள். சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அவங்களும் அவங்க மூஞ்சியைப் பத்தியேதான் யோசிச்சுட்டு இருந்திருப்பாங்களா?" என்றாள்.

நாலு வயதில் அவளுக்கு இந்த வேதனையே வந்திருக்காது. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றி இப்படி யோசிக்கும் திறன் வளர்ந்ததால்தான் இந்தத் துன்பம் வந்தது. அதே திறன்தான் அவளை வெளியேயும் இழுத்து வந்தது. வளர்ச்சி என்றால் முன்னேற்றம் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது.

நடுவயது நெருக்கடி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது எல்லோருக்கும் கட்டாயம் வரும் என்பதற்கு ஆதாரம் போதாது. வந்தாலும் அதன் காரணம் வேலையாகவோ திருமணமாகவோ உடல்நலமாகவோ இருக்கும். பழி மட்டும் வயதின் மேல் விழும்.

முதியவர்களைப் பிள்ளைகள்தான் அழைத்து வருகிறார்கள். "அப்பா எப்பப் பார்த்தாலும் பழசையே பேசறார்" என்பது வழக்கமான புகார். முதுமையில் பழைய நினைவுகளில் மூழ்குவதை மனம் தடுமாறுவதன் அறிகுறியாகவே ஒரு காலத்தில் பார்த்தார்கள். மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் அதை மறுத்தார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதும், தீராத கணக்குகளைத் தீர்த்துக்கொள்வதும் இயல்பான மனவேலை என்றார். அதனால் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரே கதையைத் திரும்பச் சொல்லும்போது, போன தடவை சொல்லாத ஏதாவது இருக்கிறதா? பல சமயம் இருக்கும். துளியும் மாறாமல், சொன்னதே தெரியாமல் சொன்னால் மருத்துவரிடம் காட்டச் சொல்வேன்.

"புதுசா நாலு பேரோட பழகுங்கப்பா" என்ற அறிவுரையும் கூடவே வரும். பெரும்பாலும் அது எடுபடாது. மீதமுள்ள காலம் குறைவு என்று தோன்றும்போது மனிதர்கள் புது அறிமுகங்களைவிட நெருக்கமானவர்களையே தேடுகிறார்கள் என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் காட்டியிருக்கிறார். கடுமையான நோய் வந்த இளைஞர்களிடமும் இதே போக்குதான். ஆகவே அந்தப் பெரியவரைப் புது நட்பு வட்டத்தில் சேர்த்துவிடுவதைவிட, அவர் பல வருடமாகப் பேசாத தம்பியின் போன் நம்பரைத் தேடிக் கொடுப்பது மேல் என்று மகனிடம் சொன்னேன். மகனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தேடுகிறார்.