பனிக்கட்டி சுமக்கும் விண்கலம்: வரைந்து பார்த்தேன், இதுவரை வந்தது

விண்கலப் படைகளை நடத்தும் ஹோம்வேர்ல்ட் மாதிரி ஒரு கேமில் ஓடக்கூடிய விண்கலத்தை, கான்செப்ட் ஆர்டிஸ்டுகள் (கேமில் வரப்போவதை முதலில் வரைந்து வடிவமைப்பவர்கள்) போகிற வரிசையிலேயே போய் வரைந்து பார்க்க ரொம்ப நாளாக ஆசை. சண்டைக் கலம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். கூர்மூக்கு, ரெண்டு இறக்கை, நாலு துப்பாக்கி என்று எல்லாமே ஒன்றுபோல வந்து நிற்கும். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பிரீஃப் இதுதான்: வால்மீனில் பனிக்கட்டியை வெட்டி எடுத்துத் தாய்க்கலத்துக்குக் கொண்டுபோகும் வண்டி, நீளம் 60 மீட்டர், உள்ளே நாலு பேர்.

முதலில் தம்ப்நெயில். கிரீட்டா என்ற வரையும் மென்பொருளில் ஒரே பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு உருவங்கள், பெரிய பிரஷ், உள்ளே ஒரு கோடுகூடக் கூடாது. கை துறுதுறுக்கும்தான். ஆனால் விவரம் போட ஆரம்பித்தால் சொத்தையான உருவமும் அழகாகத் தெரியத் தொடங்கிவிடும், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. 1984-ல் வந்த எலீட் என்ற விண்வெளி கேமில் கலங்கள் வெறும் கோட்டுச் சட்டங்கள், டெக்ஸ்சர் (உருவத்தின் மேல் ஒட்டும் படம்) என்ற பேச்சே இல்லை. இருந்தும் எதிரே வருவது கோப்ரா மார்க் 3 என்ற கலம் என்று அந்த அகலமான தட்டை உடம்பை வைத்தே சொல்லிவிடலாம். பக்கம் நிரம்பியதும் ஒவ்வொன்றிலும் முன் எது பின் எது, என்ன வேலைக்கானது என்று சொல்லாமலே தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். பெரும்பாலானவை அங்கேயே கழிந்தன. தேறியது, முன்னால் பனியை வெட்டும் கையோடு பெரிய சட்டம், நடுவில் ஒல்லியான முதுகெலும்பு, பின்னால் எஞ்சின் கொத்து என்று இருந்த ஒன்று.

அடுத்து ரெஃபரன்ஸ். மற்றவர்கள் வரைந்த விண்கலங்களைத் திறக்கவே இல்லை, நகலின் நகல்தான் வரும். ஜேசிபியின் கை, நெல் அறுவடை இயந்திரத்தின் முன்பக்கம், துறைமுகக் கிரேன் என்று சேர்த்தேன், ஹைட்ராலிக் தண்டு எதைப் பிடித்துக்கொண்டு எதைத் தள்ளுகிறது என்பதை மட்டும் தனியாக வரைந்து பழகினேன். ஹோம்வேர்ல்டில் அயான் கேனன் ஃபிரிகேட் என்று ஒரு கலம் உண்டு, பீரங்கி முன்னோக்கியே பொருத்தியிருக்கும், குறி வைக்க முழுக் கலமும் திரும்பியாக வேண்டும். மொத்த வடிவமும் அந்த ஒரு வேலைக்கு அடங்கி நிற்கும். நான் தேடியதும் அதைத்தான்.

பனிக்கட்டியை எங்கே வைப்பது என்று யோசித்தபோதுதான் வடிவம் நிஜமாகப் பிடிபட்டது. தொட்டி தேவையில்லை, கட்டியாகவே முதுகெலும்பில் கவ்விப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் வெற்றிடத்தில் வெயில் பட்டால் பனி உருகாது, நேராக ஆவியாகிப் போகும். அப்போ சரக்குக்கு நிழல் வேண்டும்! மேலே நீளமாக ஒரு தகட்டுப் பந்தல் போட்டேன், தூரத்திலிருந்து இந்தக் கலத்தை அடையாளம் காட்டுவதே இப்போது அந்தப் பந்தல்தான்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வெறும் பெட்டி, உருளைகளை வைத்து இதை முப்பரிமாணத்தில் கட்டிச் சுற்றிப் பார்த்தேன். இந்த வகை கேமில் இது முக்கியம், ஏனென்றால் கேமரா மேலே, கீழே, பின்னால் எங்கே வேண்டுமானாலும் போகும், ஜூமைக் குறைத்தால் கலம் சில பிக்சல்தான். படத்தை 40 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியபோது பந்தல் தெரிந்தது, கை தெரிந்தது, எஞ்சின் கொத்து மட்டும் உடம்போடு கரைந்தது, அதனால் நடுவில் இடைவெளி விட்டேன்.

1999-ல் ஹோம்வேர்ல்டைச் செய்தவர்களிடம் பாலிகன் (முப்பரிமாண உருவத்தைக் கட்டும் சின்னத் தட்டைப் பரப்பு) குறைவு. அவர்கள் நம்பியது தடித்த வண்ணப் பட்டைகளை. 1970-களில் கிறிஸ் ஃபாஸ் அறிவியல் புனைகதை அட்டைகளுக்கு வரைந்த கலங்களின் சாயல் அதில் அப்படியே இருக்கும். நானும் முதுகெலும்பைச் சுற்றி அகலமான மஞ்சள் பட்டை ஒன்று போட்டேன், கலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அதிலேயே புரிகிறது.

சின்னச் சின்ன குழாய், மூடி, பலகைக் கோடு எல்லாம் கடைசியில்தான். கொத்தமல்லி தூவுவது மாதிரி எல்லா இடத்திலும் போட்டால் கண் எங்கும் நிற்காது, என் கணக்கில் முக்கால் பங்கு வெறுமையாக இருக்கட்டும், மீதியில் நெருக்கமாகப் போடலாம். மூட்டுகள், எஞ்சின் வாய், ஆள் ஏறும் கதவு, இவ்வளவுதான். கதவு 2 மீட்டர். பக்கவாட்டுப் படத்தில் கலம் 1200 பிக்சல் நீளம், அப்படியானால் கதவு 40 பிக்சலைத் தாண்டக் கூடாது. ஜன்னல், கைப்பிடிக் கம்பி எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன, ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே 60 மீட்டர் வண்டி பொம்மையாகிவிடுகிறது.

இப்போது பிளெண்டர் படத்தின் மேலேயே வரைந்து வண்ணம் தீட்டும் பெயின்ட் ஓவர் முடிந்தது. கேமுக்கான முப்பரிமாண உருவத்தைக் கட்டும் மாடலருக்குத் தேவையான முன்பக்க, பக்கவாட்டு, மேல் தோற்றங்கள் பாக்கி, அதோடு கை மடங்கியும் விரிந்தும் இருக்கும் நிலைகளைத் தனித் தாளில் காட்ட வேண்டும். மடக்கினால் பந்தலில் இடிக்குமோ என்று ஒரு சந்தேகம். இடித்தால் பந்தலைக் குறைக்க மாட்டேன், முதுகெலும்பை நீட்டிவிட்டுக் கதவுக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்வேன்.