பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும் முன்

செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் திருவிழா நெருங்கினால் பெங்களூர் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் கூட்டம் தெரிந்ததே. பாவசங்கீர்த்தனத்துக்கு (ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு) பல வருஷம் கழித்து வருகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபாதரே கேட்டு எடுத்துக்கொடுப்பார். மனத்துயர் செபம் (பாவத்துக்கு வருந்திச் சொல்வது) மறந்துபோச்சா, சொந்த வார்த்தை போதும்.

சாவான பாவம் (தெரிந்தே, மனசாரச் செய்த கனமான பாவம்) என்றால் எது, எத்தனை தடவை என்று சொல்லணும். "எல்லாப் பாவமும் செஞ்சேன் சாமி" என்பது அறிக்கை ஆகாது. மாமியார் செய்த பாவத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள் (போகிறார்கள்!). மறந்துபோன பாவம் மன்னிப்பில் அடங்கும், நினைவு வந்தால் அடுத்த முறை சொல்லணும். வேண்டுமென்றே மறைத்தால் மொத்தமும் செல்லாது.

சீட்டுப் பணத்தில் கைவைத்தவர் ஃபாதர் பரிகாரமாகச் சொல்லச் சொன்ன மூன்று அருள்நிறை மந்திரத்தோடு (மாதா செபம்) தப்ப முடியாது. பைபிளில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு தருவதாகச் சொன்னார் (லூக்கா 19:8). நீங்கள் எடுத்ததையாவது திருப்பிக் கொடுக்கணும். நேரில் கொடுக்கக் கூச்சமாக இருந்தால், ஃபாதர் வழியாகக் கொடுக்க முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.